டிஸ்னி வேர்ல்ட் குடும்பப் பயணம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு பேர் போய்வர எவ்வளவு ஆகும் என்று கேட்டால் எல்லோரும் முதலில் டிக்கெட் விலையைத்தான் சொல்வார்கள். டிக்கெட் பெரிய செலவுதான். ஆனால் அதில் நம் சாமர்த்தியம் ஓரளவுக்கு மேல் செல்லாது. கணக்கைக் கவிழ்ப்பது வாசலைத் தாண்டிய பிறகு வருவது: வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றபின் வரிசையைத் தாண்டிப் போக ஒரு விலை, தாகத்துக்கு ஒரு விலை, நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போக ஒரு விலை. உள்ளே விற்கும் சரக்கில் பாதி, களைப்பைப் பார்த்து விலை வைத்தது. களைத்துப்போகுமுன் முடிவுகளை எடுத்துவிட்ட குடும்பத்துக்கு இந்த இடம் கொடுத்த காசுக்கு நியாயமாகவே நடந்துகொள்கிறது. வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களை அது விடாது.

பூங்காக்கள் நான்கு. 1971-இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-இன் எப்காட், 1989-இல் வேறு பெயரில் தொடங்கிய ஹாலிவுட் ஸ்டுடியோஸ், 1998-இன் அனிமல் கிங்டம். ஏழெட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் மேஜிக் கிங்டம் ஒன்றே இரண்டு நாளைத் தாங்கும். உயரக் கட்டுப்பாடு இல்லாத சவாரிகள் அங்கேதான் அதிகம். ஹாலிவுட் ஸ்டுடியோஸில் சவாரிகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் வரிசை நீளம். அனிமல் கிங்டமில் டைனோலேண்ட் பகுதியை மூடிவிட்டு வேறொன்றைக் கட்டிவருவதால், காலையில் போகிறவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கெல்லாம் பார்க்க வேண்டியது முடிந்துவிடுகிறது. நான்கையும் பார்த்தே தீர வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. முதல் முறை போகும் சிறு பிள்ளைகளுள்ள குடும்பம் மேஜிக் கிங்டம் இரண்டு நாள், அனிமல் கிங்டம் ஒரு நாள் என்று மூன்று நாளில் முடித்துக்கொண்டால் எதையும் இழந்துவிடாது.

டிக்கெட்

2018 அக்டோபரிலிருந்து டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறுகிறது. ஒரு நாள் டிக்கெட்டில் பூங்காவுக்குப் பூங்காவும் மாறும். கூட்டமில்லாத நாளில் அனிமல் கிங்டம் 119 டாலர் அளவில் தொடங்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் 200 டாலரைத் தொடும். இணையத்தில் முதலில் கண்ணில் படும் விலையில் 6.5 சதவீத விற்பனை வரி சேர்ந்திருக்காது. நான்கு பேர், நான்கு நாள் என்னும்போது அந்த வரியே ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்குச் சமம்.

நாள் கூடக் கூடச் சராசரி விலை இறங்கும். ஐந்து நாளுக்கு மேல் கூட்டும் ஒவ்வொரு நாளுக்கும் டிக்கெட்டில் ஏறும் தொகை, முதல் நாள் விலையில் ஒரு சிறு பங்குதான். ‘இவ்வளவு மலிவாக இன்னொரு நாளா’ என்று சபலம் தட்டும் இடம் அதுதான். அந்த நாளுக்கு ஹோட்டல் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் வண்டி நிறுத்தக் கட்டணமும் முழு விலைதான் என்பதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நான்கு நாள் டிக்கெட்டை ஏழு நாளுக்குள் பயன்படுத்தலாம். மூன்று நாள் டிக்கெட்டை ஐந்து நாளுக்குள். இந்த இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு நாள் பூங்கா, ஒரு நாள் ஹோட்டல் நீச்சல் குளம், மறுபடி இரண்டு நாள் பூங்கா என்று வகுத்துக்கொண்டால் ஓய்வு நாளுக்கு டிக்கெட் செலவே இல்லை. விடாமல் நான்கு நாள் ஓடும் குடும்பம் மூன்றாம் நாள் மதியத்துக்குமேல் செய்யும் செலவுகளைப் பார்த்தால், அந்த ஓய்வு நாளின் அருமை புரியும்.

ஒரே நாளில் பூங்கா விட்டுப் பூங்கா தாவ உதவும் ‘பார்க் ஹாப்பர்’ பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஒரு பூங்காவிலிருந்து வெளியே வந்து, பேருந்து பிடித்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை தாண்டி அடுத்ததில் நுழைய ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதற்கு ஆளாளுக்குக் கூடுதல் கட்டணம் வேறு.

வயது விஷயத்தில் டிஸ்னி கறார். மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். மூன்று முதல் ஒன்பது வரை குழந்தை விலை. பத்து என்றால் பெரியவர். குழந்தை விலை என்றதும் பாதி என்று நினைத்துவிடக் கூடாது, பெரியவர் டிக்கெட்டைவிடச் சில டாலர்தான் குறைவு. ஆகவே பத்தாவது பிறந்தநாளுக்கு முன்னால் போயே ஆக வேண்டும் என்று அடித்துப்பிடித்து ஓட வேண்டியதில்லை. மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்னால் போவதில்தான் முழு டிக்கெட் மிச்சம். அந்த வயதுப் பிள்ளைக்கு எதுவும் நினைவில் நிற்காது என்பது வேறு கதை. மூத்த பிள்ளைக்காகப் போகிற குடும்பம், இளையதற்கு மூன்று ஆகுமுன் போய்வருவது நல்ல கணக்கு.

பக்கத்து ஊரான கிஸ்ஸிமீயில் 192-ஆம் நெடுஞ்சாலை நெடுகிலும் ‘பாதி விலையில் டிஸ்னி டிக்கெட்’ பலகைகள் தொங்கும். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, யாரோ பாதி பயன்படுத்திய டிக்கெட். வாசலில் விரல் பதிவு எடுப்பார்கள், டிக்கெட்டை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது, ஆகவே அது வெறும் காகிதம். இன்னொன்று, டைம்ஷேர், அதாவது விடுமுறை வீட்டில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்கும் கூட்டத்துக்கு இழுக்கும் தூண்டில். ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்று சொல்லி உட்கார வைப்பார்கள். ‘வேண்டாம்’ என்று நாலு பேரிடம் சொன்ன பிறகுதான் எழுந்திருக்க முடியும். அங்கீகாரம் பெற்ற மறுவிற்பனையாளர்கள் உண்டு. அண்டர்கவர் டூரிஸ்ட் போன்றவர்களிடம் பல நாள் டிக்கெட்டில் தலைக்குக் கொஞ்சம் குறையும். பெரிய தொகை இல்லை என்றாலும் அலைச்சல் இல்லாமல் கிடைப்பது. ஒப்பிடும்போது வரி சேர்ந்த விலையையே இரண்டு பக்கமும் வைத்து ஒப்பிட வேண்டும்.

டார்கெட் கடையின் அட்டை வைத்திருப்பவர்கள் டிஸ்னி பரிசு அட்டைகளை 5 சதவீதம் குறைவாக வாங்கி, அதிலேயே அறைக்கும் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டலாம். அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்குக் கிடைக்கும் சிரமமில்லாத தள்ளுபடி இதுதான். பணம் கட்டிய பிறகு அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பயணம் ரத்தானால் பணம் அதே அட்டைக்குத்தான் திரும்பும்.

எந்த மாதம்

ஃபுளோரிடா பள்ளிகள் திறந்தபின் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை, டிஸ்னியின் மாரத்தான் ஓட்டம் நடக்கும் வாரம் கழிந்த ஜனவரிப் பிற்பகுதி, நன்றி நவிலல் வாரத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவே டிசம்பர் முதல் இரண்டு வாரங்கள். அறை வாடகை, டிக்கெட், வரிசை மூன்றும் சேர்ந்து இறங்குவது இந்த நாட்களில்தான். செப்டம்பர் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: புழுக்கம், தினமும் பிற்பகல் இடிமழை, புயல் காலம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். நீங்கள் போய்ச்சேரும் நாளுக்கு முந்தைய ஏழு நாளுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்குத் தேசியப் புயல் மையம் எச்சரிக்கை விடுத்தால், டிஸ்னி தன் பங்குக்கு ரத்துக் கட்டணம் வாங்காமல் விட்டுவிடும். விமான டிக்கெட்டுக்கு அது பொறுப்பல்ல.

ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மேஜிக் கிங்டமில் சில இரவுகளில் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும். தனி டிக்கெட். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். வழக்கமான வாணவேடிக்கை அவர்களுக்குக் கிடையாது. இது தெரியாமல் ஒரே ஒரு மேஜிக் கிங்டம் நாளை அப்படிப்பட்ட தேதியில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். இரண்டு நாள் போகிறவர்களுக்கோ இதுவே லாபம். பலரும் ஒதுங்கிக்கொள்வதால் விருந்து நாளின் பகலில் வரிசைகள் குறுகும். சவாரிகளை அன்றைக்கு முடித்துவிட்டு, வாணவேடிக்கையை மற்ற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தங்குமிடம்

டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் மலிவானவை ஆல் ஸ்டார் மூன்றும் பாப் செஞ்சுரியும். அறை சிறியது. சின்ன ஃபிரிட்ஜும் காபி போடும் கருவியும் இருக்கும், மைக்ரோவேவ் இருக்காது. சூடுபண்ண கீழே உணவுக்கூடத்துக்குப் போக வேண்டும். வெளியே ஐந்து மைலில் இதே வாடகைக்கு இரண்டு மடங்கு அறையும் இலவசக் காலை உணவும் கிடைக்கும். அப்படியிருந்தும் நான்கு நாளுக்குக் குறைந்த பயணத்துக்கு உள்ளே தங்குவதே சிக்கனம் என்று சொல்ல வலுவான காரணங்கள் உண்டு.

வெளி ஹோட்டல் பலவற்றில் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று ஒன்று கடைசித் திரையில்தான் தலைகாட்டும். அதற்குமேல் அவர்கள் இடத்தில் வண்டி நிறுத்தக் காசு, பிறகு பூங்காவில் நிறுத்த நாளுக்கு 30 டாலர் அளவில் இன்னொரு காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குப் பூங்காவிலும் இலவசம், 2023 ஜனவரியிலிருந்து ஹோட்டலிலும் இரவு நிறுத்தம் இலவசம். பேருந்தும் இலவசம் என்பதால் வாடகை வண்டியே இல்லாமல் சமாளிக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விமான நிலையத்திலிருந்து இலவசமாகக் கூட்டிவந்த பேருந்துச் சேவை 2021-உடன் நின்றுவிட்டது. இப்போது காசு கொடுத்துத்தான் வர வேண்டும். நான்கு பேர் என்றால் தனியார் பேருந்தில் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதும், ஊபரில் ஒரு வண்டிக்குக் கொடுப்பதும் பல நேரம் ஒரே தொகையில் வந்து நிற்கும். இரண்டையும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மலிவு ஹோட்டல்களுக்குள் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் பாப் செஞ்சுரிக்குச் சில டாலர் கூடக் கொடுப்பதில் தவறில்லை. அங்கிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் ஸ்கைலைனர் என்ற கம்பிவட வண்டி போகிறது. காத்திருப்பு குறைவு, ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டியை) மடிக்காமலே தள்ளிக்கொண்டு ஏறலாம். இடி மின்னல் என்றால் நிறுத்திவிடுவார்கள்; கோடைப் பிற்பகலில் அதை மட்டும் நம்பி உணவக முன்பதிவு வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு மேல் என்றாலோ, தாத்தா பாட்டியோடு ஆறேழு பேர் என்றாலோ கணக்கு தலைகீழாகும். அப்போது கிஸ்ஸிமீ பக்கம் சமையலறையுள்ள வாடகை வீடுதான் சரி.

முன்பதிவில் ஒரு நுணுக்கம். அறையை மட்டும் தனியாகப் பதிவு செய்தால் ஒரு இரவு வாடகை முன்பணம். வருவதற்கு ஐந்தாறு நாள் முன்புவரை கைநஷ்டமின்றி ரத்து செய்யலாம். அறையும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் 200 டாலர் முன்பணம், 30 நாளுக்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். பேக்கேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் தள்ளுபடி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. அறையைத் தனியாகப் போட்டு வைத்து, பிறகு டிஸ்னி அறைத் தள்ளுபடி அறிவிக்கும்போது அதே பதிவை அந்த விலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தள்ளுபடிக்கு ஒதுக்கிய அறைகள் தீருமுன் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

லைட்னிங் லேன்: வாங்கலாமா?

முன்பு இலவசமாக இருந்த வரிசை தாண்டும் வசதி 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று காசுக்கு வந்தது. 2024 ஜூலையில் லைட்னிங் லேன் என்று பெயரும் முறையும் மாறியது. வகை மூன்று. மல்டி பாஸ் ஒரு பூங்காவில் பல சவாரிகளுக்கு. நாளையும் பூங்காவையும் பொறுத்து தலைக்கு 15 டாலரில் தொடங்கி, உச்ச நாட்களில் 40-ஐ எட்டிவிடும். சிங்கிள் பாஸ் ஒரே ஒரு பெரிய சவாரிக்கு. பிரீமியர் பாஸ் தலைக்கு நூற்றுக்கணக்கில். சிக்கனம் பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

மல்டி பாஸில் முன்கூட்டியே மூன்று சவாரி தேர்வு செய்யலாம். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் மூன்றிலும் நல்ல சவாரிகளின் பட்டியலிலிருந்து ஒன்று, மற்றதிலிருந்து இரண்டு என்றுதான் எடுக்க முடியும். முதலாவதைப் பயன்படுத்தியதும் அடுத்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். டிஸ்னி ஹோட்டல்காரர்களுக்கு ஏழு நாள் முன்பும் மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பும் கிழக்கு நேரப்படி காலை 7 மணிக்குத் திறக்கும். வெளியே தங்குபவர்கள் பதிவு செய்ய உட்காரும்போது நல்ல நேரங்கள் பெரும்பாலும் போயிருக்கும். இந்த விலைக்கு இதுதான் பெரிய குறை: கொடுக்கும் காசு ஒன்றே, கிடைப்பது ஒன்றல்ல.

பூங்காவாரியாகச் சொன்னால், மேஜிக் கிங்டமில் கூட்டமான நாளில் மல்டி பாஸ் காசுக்கு மதிப்பு. சவாரிகள் நிறைய என்பதால் நாள் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். ஹாலிவுட் ஸ்டுடியோஸில் விடுமுறைக் காலத்தில் மட்டும் சரி. எப்காட்டில் காலையில் சீக்கிரம் போகிறவர்களுக்கு வேண்டாம். அனிமல் கிங்டமில் வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்தில் இலவசமாக முடியக்கூடியதற்குத் தண்டம் அழுவதாகும்.

மல்டி பாஸை வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வாங்க வேண்டும் என்பதில்லை. மூன்று வயதுக்குக் கீழே தேவையே இல்லை. நான்கு வயதுப் பிள்ளை ஏற முடியாத சவாரிகளே உங்கள் பட்டியலில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வாங்குவதும் வீண். டிக்கெட் வாங்குமுன் பிள்ளையைச் செருப்போடு நிறுத்தி அளந்துவிடுங்கள். செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கும் ஸ்லிங்கி டாக் டேஷுக்கும் 97 செ.மீ., ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்கு 102, ஃபிளைட் ஆஃப் பேசேஜுக்கும் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்டுக்கும் 112, டிரானுக்கு 122. ஒரு செ.மீ. குறைந்தாலும் வாசலில் விட மாட்டார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். சிங்கிள் பாஸ் வாங்கிவிட்டு அங்கே போய்த் தெரிந்துகொள்வது இரட்டை வருத்தம்.

இதற்கெல்லாம் முன்னால் தெரிந்திருக்க வேண்டியது ரைடர் ஸ்விட்ச். காசு கிடையாது. உயரம் போதாத பிள்ளை இருந்தால் சவாரி வாசலில் இருக்கும் பணியாளரிடம் குடும்பமாகப் போய்க் கேளுங்கள். ஒரு பெரியவர் பிள்ளையோடு வெளியே இருப்பார். அவருடைய டிக்கெட்டில் குறித்துவிடுவார்கள். முதல் குழு வரிசையில் நின்று ஏறிவிட்டு வந்ததும், வெளியே இருந்தவர் லைட்னிங் லேன் வழியாகவே போய்விடலாம், கூட இரண்டு பேரையும் அழைத்துக்கொள்ளலாம். அதாவது மூத்த பிள்ளை அப்பாவோடு ஒருமுறை, அம்மாவோடு ஒருமுறை என்று இரண்டு தடவை ஏறும், ஒரு தடவை மட்டும் நின்று. ஒருவர் முன்னால் போய் வரிசையில் நின்றுவிட்டு, மற்றவர்கள் பிறகு வந்து கேட்டால் கொடுக்க மாட்டார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து வாசலுக்குப் போக வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகள் தனித்தனியாக உட்காரத் தயார் என்றால், எவரெஸ்ட்டிலும் மில்லேனியம் ஃபால்கனிலும் ஒற்றை ஆள் வரிசை உண்டு. அதற்கும் காசில்லை.

காலை

பந்திக்கு முந்து என்பது இந்த ஊருக்காகவே சொன்னது. டிஸ்னி ஹோட்டலில் இருப்பவர்களை எல்லாப் பூங்காவிலும் தினமும் 30 நிமிடம் முன்னதாக விடுகிறார்கள். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிப் பகுதியிலுள்ள சில வெளி ஹோட்டல்களுக்கும் இது உண்டு. பதிவு செய்யுமுன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அரை மணியும் அடுத்த ஒரு மணியும்தான் நாளின் தங்கம். மதியம் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டிய சவாரிக்கு அப்போது கால் மணி, அரை மணி போதும். மேஜிக் கிங்டமில் அந்த முன்னேரத்தில் ஃபேன்டசிலேண்டும் டுமாரோலேண்டும் மட்டுமே திறக்கும். ஆகவே செவன் டுவார்ஃப்ஸ், பீட்டர் பேன் என்று தொடங்குவது சரி. மற்ற பகுதிகளின் கயிற்றுக்கு முன்னால் போய் நிற்பது வீண்.

பலர் இதில் சறுக்குவது பயண நேரத்தில். மேஜிக் கிங்டமுக்குக் காரில் போனால் பூங்கா வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள போக்குவரத்து மையத்தில் நிறுத்திவிட்டு மோனோரயிலோ படகோ பிடித்து அந்தப் பக்கம் போக வேண்டும். வண்டியை நிறுத்தியதிலிருந்து வாசலைத் தொட அரை மணி நேரத்துக்கு மேலாகும். ஹோட்டல் பேருந்து நேராக வாசலருகே இறக்கிவிடும். கார் வைத்திருந்தாலும் மேஜிக் கிங்டம் நாளில் பேருந்தே மேல்.

காலையில் சீக்கிரம் போய், மதியம் 1 மணிக்கு அறைக்குத் திரும்பிக் குளித்துத் தூங்கி, 5 மணிக்கு மறுபடி போவது. உள்ளே தங்குவதன் முழுப் பலன் இதில்தான் இருக்கிறது. வெயிலும் வரிசையும் உச்சத்தில் இருக்கும் நான்கு மணி நேரத்தில்தான் ஐஸ்கிரீமும் பொம்மையும் கைக்கு வரும்.

சாப்பாடு

வெளியிலிருந்து உணவு கொண்டுபோகலாம். கூடாது என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது (குழந்தை உணவுச் சீசா மட்டும் விதிவிலக்கு), மது கூடாது, தனி ஐஸ் கட்டிகள் கூடாது, உறைய வைத்த ஜெல் பொதிகள் சரி. குளிர்பெட்டி 61 × 38 × 46 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. புளியோதரையும் சப்பாத்திச் சுருளும் இந்த விதி எதையும் மீறவில்லை. தயிர்சாதம் ஃபுளோரிடா வெயிலில் ஜெல் பொதி இல்லாமல் மதியம் வரை தாங்காது. சூடுபண்ண வேண்டாத உணவாக இருக்க வேண்டும். கைக்குழந்தையின் உணவுக்கு மட்டும் ஒவ்வொரு பூங்காவிலும் உள்ள குழந்தைப் பராமரிப்பு மையத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது. பாலூட்ட, உடை மாற்ற, கொஞ்சம் குளிர்ச்சியில் உட்கார அதுதான் இடம். அதற்கும் காசு கேட்பதில்லை.

பானம் ஊற்றித் தரும் துரித உணவுக் கடை எதிலும் கோப்பையில் ஐஸ் தண்ணீர் இலவசம். கேட்டால் போதும், வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. பாட்டில் தண்ணீருக்கு நாலு டாலருக்குமேல் கொடுத்து நான்கு பேர் நாளுக்கு மூன்று முறை குடித்தால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரின் வாசனை சிலருக்குப் பிடிப்பதில்லை. எலுமிச்சைப் பொடி ஒரு பொட்டலம் பையில் இருந்தால் தீர்ந்தது. ஹோட்டலில் விற்கும் மறுநிரப்பு மக் பூங்காவுக்குள் செல்லாது, ஹோட்டல்களில் மட்டும்தான். நாளெல்லாம் பூங்காவில் இருப்பவர்களுக்கு அது நினைவுப் பொருள்.

டைனிங் பிளான் என்ற முன்பண உணவுத் திட்டம் 2024 ஜனவரியில் திரும்பி வந்தது. ஸ்டேக்கும் கடல் உணவும் மதுவும் எடுப்பவர்கள் கணக்குப் போட்டால் ஒருவேளை கட்டுப்படியாகும். சைவக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் நஷ்டம், ஏனென்றால் பட்டியலிலேயே குறைந்த விலையுள்ளதை எடுத்துவிட்டு அதிக விலையுள்ளதற்கான காசைக் கட்டியிருப்பீர்கள். சைவர்களுக்கு அனிமல் கிங்டமில் சட்டுலி கேன்டீனில் டோஃபு கிண்ணம் வயிறு நிறையும். உட்கார்ந்து ஒரு வேளை நல்ல சாப்பாடு என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் உள்ள சனா உணவகம். அங்கே ‘நான்’ ரொட்டியும் பலவகைச் சட்னிகளுமாக வரும் தட்டு ஒன்றை இருவர் மூவர் பகிர்ந்துகொள்ளலாம். பூங்கா டிக்கெட் இல்லாமலே போகக்கூடிய இடம்; மாலை வெளிச்சம் போகுமுன் போனால் ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நடக்கும். 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும். போக முடியாது என்றால் இரண்டு மணி நேரம் முன்பாவது ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள்.

கதாபாத்திரங்களோடு உண்ணும் விருந்து, அதாவது மிக்கி மேசைக்கு வரும் உணவகம், நால்வருக்கு ஒரு வேளைக்கே இருநூறு டாலரைத் தாண்டும். சாப்பாட்டுக்காக அதற்குப் போகாதீர்கள். பூங்காவில் மிக்கியைப் பார்க்க வரிசையில் நிற்கும் நேரத்துக்கு விலை என்று எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு முறை பரவாயில்லை.

சில்லறை விஷயங்கள்

ஸ்ட்ரோலர் வாடகை பூங்காவில் நாளுக்குச் சுமார் 15 டாலர், இரட்டை என்றால் 31. கடினப் பிளாஸ்டிக்; பூங்காவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, ஆகவே தூங்கும் பிள்ளையைப் பேருந்துவரை தோளில்தான் தூக்க வேண்டும். மூன்று நாளுக்குமேல் என்றால் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் தனியார் வாடகை மலிவு. சொந்தமாகக் கொண்டுபோனால் அகலம் 79, நீளம் 132 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்; இழுவண்டி அனுமதி இல்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாளில் நடக்கும் தூரம் அந்தக் கால்களுக்கு மிக அதிகம்.

மழைக்கோட்டும் பவர்பேங்க்கும் வீட்டிலிருந்தே வரட்டும். டிஸ்னியின் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டே இருப்பதால் போன் மதியத்துக்குள் உயிர்விடும். டிக்கெட்டாகக் காட்ட உதவும் மேஜிக்பேண்ட் என்ற கைப்பட்டையை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, போனோ அட்டையோ அதே வேலையைச் செய்யும். மெமரி மேக்கர் என்ற புகைப்படத் தொகுப்பு 200 டாலர் அளவில் வரும். கோட்டை முன்னால் நிற்கும் டிஸ்னி புகைப்படக்காரரிடமே உங்கள் போனைக் கொடுத்தால் அவரே எடுத்துத் தருவார், முகம் சுளிக்க மாட்டார். பிறந்தநாள், முதல் வருகை என்று எழுதிய பட்டன்கள் இலவசம். கடையில் கேளுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப்போவதாக இருந்தால் அவர்களுக்கும் நான்கு நாள் டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் வீண். அனிமல் கிங்டம் சஃபாரிக்கு ஒரு நாள், வேண்டுமானால் எப்காட் ஒரு நாள். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். மற்ற நாட்களுக்கு டிக்கெட்டே வேண்டாத இடங்கள் உண்டு. மோனோரயில், ஸ்கைலைனர் சுற்று, அனிமல் கிங்டம் லாட்ஜின் பின்புறத்தில் விலங்குகள் மேயும் புல்வெளி, நிறுத்தம் இலவசமான டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதி. பாலினீஷியன் ஹோட்டலின் மணற்கரையில் உட்கார்ந்தால் ஏரிக்கு அக்கரையில் மேஜிக் கிங்டம் வாணவேடிக்கை தெரியும். உள்ளே தோளோடு தோள் இடித்துப் பார்ப்பதைவிட முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே சுகம்.

வாணவேடிக்கை முடிந்த கையோடு எல்லோரும் வாசலுக்குப் போவார்கள். போகாதீர்கள். மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் நுழைந்தாலும் ஏற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் சவாரி வாசலில் போட்டிருக்கும் காத்திருப்பு நேரம் பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகவே இருக்கும். காலையில் விட்டுப்போன பெரிய சவாரி ஒன்றை அப்போது முடித்துவிட்டு வெளியே வந்தால், பேருந்து வரிசையும் கரைந்திருக்கும்.